வீட்டுக்குள்ளே ஒரு பார்: முதல் கடல்மீன் தொட்டி வாங்கும் முன்



போன இதழில் ஆட்டுக் கொட்டகைக் கடன் பற்றி எழுதினோம். இந்த இதழில் மீன் தொட்டி. "மீன் பிடிக்கிற ஊர்ல மீன் வளர்க்கிறதுக்கு ஒரு கட்டுரையா?" என்று உங்களில் பாதிப் பேர் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. முதலில் நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் பாம்பன் பக்கத்துக் குழு ஒன்றில் இந்தத் தொட்டியால் ஒரு மாதக் கூட்டமே இரண்டாக உடைந்து போனது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த உறுப்பினர் தன் பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அக்கா என்றே எழுதுகிறோம். சின்ன வயசில் அம்மா கூட பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். மரிக்கொழுந்துப் பாசிக்காக விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கி எடுத்த கை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. காதில் சீழ் வந்து, இனிமேல் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கடல்ல இறங்காம இருந்துருவேன். பாரைப் பார்க்காமத்தான் இருக்க முடியலை" என்று எங்களிடம் சொன்னார். நாம் கடலுக்கு மேலே நின்று மீனைப் பார்க்கிறோம். பாசி எடுக்கிற பெண்கள் கீழே இருந்து பார்த்தவர்கள். பவளப்பாறையில் நீலமும் மஞ்சளுமாக மீன் மேய்வதை தினமும் பார்த்த கண்ணுக்கு, திடீரென்று சுவரை மட்டும் பார் என்றால் எப்படி?

மகன் டவுனில் ஒரு கடையில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அக்கா குழுவில் 16,000 ரூபாய் உள்கடன் கேட்டார். தீர்மான நோட்டில் 'வீட்டுச் செலவு' என்று எழுதினார்கள். ஒன்றரை அடி தொட்டி, லைட்டு, மோட்டார், கீழே மணல், ஆறு மீன், ஒரு துண்டு 'அலங்காரக் கல்' எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கியது. சாயந்திரமே மீனை விட்டாச்சு. ஒன்பதாம் நாள் கடைசி மீனும் மிதந்தது. முதல் தவணை கட்டும் தேதி அதற்கும் பிறகுதான் வந்தது. மாதம் ஆயிரம் வீதம் பதினாறு தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. தொட்டி காலி, நோட்டில் கடன் அப்படியே.

அந்த மாதக் கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் எழுந்து, "என் மக ஆபரேஷனுக்குக் கேட்டப்ப அடுத்த மாசம்னு சொன்னீங்க. செத்த மீனுக்கு உடனே கொடுத்தீங்களா?" என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அக்கா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை.

கூட்டமைப்பில் இருந்து நாங்கள் போய்ப் பேசினோம். எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பெண்ணுக்கு ஒரு ஆசை இருப்பது தப்பில்லை. காதுகுத்துக்கும் சடங்குக்கும் கடன் கொடுக்கிறோமே, அதைவிட இது மோசமில்லை. ஆனால் ஆபரேஷனுக்குக் கேட்டவரைக் காக்க வைத்தது தப்புதான். நோட்டில் நோக்கத்தை மறைத்து எழுதியதும் தப்பு. 'மீன் தொட்டி' என்று எழுதியிருந்தால் யாராவது ஒருத்தர் "ஏன்டி, அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் தேடினோம். தொட்டி வைத்திருப்பவர்கள், விற்பவர்கள், மீன் வளர்ப்பு விவரம் தெரிந்தவர்கள் என்று பலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

மீன் ஏன் செத்தது?

கடைக்காரர் சொன்ன காரணம், "உங்க ராசி, மீனுக்கு ஒத்துக்கலை." ராசி எல்லாம் இல்லை. மூன்று காரணம் இருந்தது.

ஒன்று, அன்றைக்கே மீனை விட்டது. மீன் தின்கிறது, கழிகிறது. அந்தக் கழிவில் இருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். கடலில் அது எங்கேயோ கரைந்து போகும். தொட்டியில் எங்கே போகும்? அதைத் தின்று நைட்ரைட் ஆக்குவதற்கு ஒரு வகை நுண்ணுயிரி வேண்டும். அந்த நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை நுண்ணுயிரி வேண்டும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றினால் குறையும். இந்த நுண்ணுயிரிகள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வளர்வதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புளிக்காத மாவில் இட்லி ஊற்றினால் கல்லு மாதிரி வருமே, அந்தக் கதைதான். மாவு ஒரு ராத்திரியில் புளிக்கும், தொட்டி புளிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரைக்கும் மீன் இல்லாத வெறும் தொட்டியில் மோட்டாரை ஓட விட்டு, அதற்கு உணவாக ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டு அழுக விட்டு, பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கச் சொட்டு மருந்து மாதிரி சோதனைக் குப்பி கடையில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் மீன். 'இன்னைக்கே மீன் விடலாம்' என்று சொல்கிற கடையில் இருந்து அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் எங்களையே ஆச்சரியப்படுத்தியது. தொட்டியில் தண்ணீர் தினமும் குறையும். அக்கா வீட்டில் மே மாத வெக்கையில், ஃபேனும் ஓட, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை குறைந்திருக்கிறது. குறைந்த அளவுக்கு அக்கா தினமும் கடல் தண்ணீரையே ஊற்றினார். "கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே?" நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற நம் உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள். வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். தொட்டியும் ஒரு பாத்திதான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒன்றரை அடி தொட்டியில் 42 லிட்டர் பிடிக்கும், அதில் 1,470 கிராம் உப்பு. ஒன்பது நாளில் ஒன்பது லிட்டர் கடல் தண்ணீரை மேலே ஊற்றினால் 315 கிராம் கூடுகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பாவம், அந்த மீன்கள் உப்பளப் பாத்திக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதுவும் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் அப்படியே கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினால் போதும்.

உப்பின் அளவைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் என்று ஒன்று உண்டு. உப்பளத்தில் டிகிரி பார்க்கிறார்களே, அந்தக் கருவிக்குத் தங்கச்சி முறை. இதில் 1.025 பக்கம் இருக்க வேண்டும். இதை வாங்காமல் கடல்மீன் தொட்டி வைப்பது, தராசு இல்லாமல் கடை வைப்பது மாதிரி.

மூன்றாவது, சூடு. அதைப் பிறகு சொல்கிறோம்.

சின்னத் தொட்டி சுலபமா?

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். 'முதல் தடவைதானே, சின்னதா ஆரம்பிப்போம்' என்று நினைப்போம். ஆடு, கோழி, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அது சரி. நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். கடல்மீன் தொட்டிக்கு மட்டும் அது தலைகீழ். சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தாலும், இரை கொஞ்சம் கூடினாலும், கரண்ட் ஒரு மணி நேரம் போனாலும் தண்ணீர் உடனே கெட்டுப்போகும். அண்டா நிறைய இருக்கிற சாம்பாரில் ஒரு கை உப்பு கூடினால் சமாளிக்கலாம், சின்னக் கிண்ணத்தில் முடியுமா?

முதல் தொட்டிக்கு நாங்கள் சொல்வது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், கல்லும் மணலும் இடம் பிடிக்கும், எப்படியும் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்த அளவில் தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்குக் குறையாது. ஐந்து சிமெண்ட் மூட்டையை ஒரே இடத்தில் அடுக்குகிற பாரம். டிவி வைக்கிற பலகை மேசையில் வைத்துவிடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு, மட்டமான தரை, வெயில் விழாத சுவர் ஓரம் வேண்டும். அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

இவ்வளவு இடமோ பணமோ இல்லை என்றால் ஒன்று செய்யலாம். கடல்மீனை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் மீன் வளருங்கள். கப்பி, மோலி எல்லாம் நம் வீட்டு வெக்கையைத் தாங்கும், குட்டி போட்டுப் பெருகும். சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் அலங்கார மீன் வியாபாரத்தில்தான் பிழைக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடல் தண்ணீர் நமக்கு இலவசம், ஆனாலும்...

சென்னையிலும் மதுரையிலும் தொட்டி வைப்பவர்கள் பாக்கெட் உப்பு வாங்கி, நல்ல தண்ணீரில் கலக்கிக் கடல் தண்ணீர் செய்கிறார்கள். 150 லிட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டும். கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா என்று நாங்களும் கேட்டோம். ஆகாது. உப்பளத்தில் உப்பு விளைவதற்கு முன்னாலேயே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும், கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவோம். கடலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பெரும்பாலும் இப்படியே பிரிந்து போகும். மிஞ்சுவது குழம்புக்கு நல்லது, மீனுக்குப் போதாது.

நமக்குக் கடலே வாசலில் இருக்கிறது. அதை எடுப்பதிலும் பக்குவம் இருக்கிறது. கரையோரம், படகு கட்டுகிற இடம், சாக்கடை கலக்கிற இடம் ஆகவே ஆகாது, டீசல் மிதக்கும். படகில் கொஞ்சம் உள்ளே போய், தெளிந்த தண்ணீராக எடுக்க வேண்டும். வாடைக் காற்றில் வடகடல் கலங்கிக் கிடக்கும், அப்போது தென்கடலில் எடுக்கலாம். கச்சான் அடிக்கும்போது மாற்றிச் செய்ய வேண்டும். இது உங்கள் வீட்டுக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பெருமழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் எடுக்காதீர்கள், உப்பு குறைந்திருக்கும். எடுத்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, கறுப்பு டிரம்மில் மூடி, இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் புழங்கலாம். பூச்சிமருந்து அடைத்து வந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அதே உப்பளவுள்ள புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். தினம் ஆவியாவதற்கு நல்ல தண்ணீர், பழைய தண்ணீரை மாற்றும்போது கடல் தண்ணீர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அக்கா குழம்பியது இங்கேதான்.

கரண்டும் வெக்கையும்

தொட்டி வாங்குகிற காசு ஒரு முறைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். தண்ணீர் சுற்றும் மோட்டார், நுரையாக அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மர், லைட்டு எல்லாம் சேர்த்து சராசரி 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். உங்கள் பழைய பில்லை எடுத்து, இதைக் கூட்டிப் பாருங்கள். எந்தப் படியில் இருந்து எந்தப் படிக்குப் போகிறது என்று தெரியும்.

கடல்மீனுக்கு 25 முதல் 28 டிகிரி சூடு இதமானது. நம் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் மே மாதம் மத்தியானம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் நிற்கிற பிராணவாயு குறையும். தண்ணீர் மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும் (தண்ணீரும் சீக்கிரம் குறையும், கோட்டைப் பாருங்கள்). அது போதாத வீட்டில் சில்லர் என்கிற குளிர்விக்கும் பெட்டி வேண்டும். சின்ன சில்லரே 150 வாட் பக்கம் இழுக்கும், பாதி நாள் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்கு மேல் ஆகும். விலையும் பல சமயம் தொட்டியை விட அதிகம். தகரக் கூரை வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்காதீர்கள் என்று நாங்கள் நேராகவே சொல்லிவிடுகிறோம்.

கரண்ட் போனால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் பல மணி நேரம் தண்ணீர் சும்மா நின்றால் மீன் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். இன்னொன்று, கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரே. அந்த மருந்து மீனுக்குக் கொடிய விஷம். காற்று மோட்டார் அதை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் விட்டுவிடும். தொட்டி இருக்கிற அறையில் அடிக்கவே கூடாது.

அந்த 'அலங்காரக் கல்'

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கடைக்காரர் கொடுத்த கல்லைப் பார்த்தவுடனே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "இது பார்க்கல்லுங்க. உசுரோட இருக்கு. நான் பார்த்த கல்லு எனக்குத் தெரியாதா?" ஆனாலும் காசு கொடுத்து வாங்கியாச்சே என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

உறுப்பினர்களே, பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. அது உயிர். குண்டூசித் தலை அளவுள்ள எத்தனையோ உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டுகிற வீடு. 2001-ஆம் ஆண்டில் இருந்து கல் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரை, கடல் அட்டை இவையும் அந்தச் சட்டத்தின் காவலில்தான். பிடிபட்டால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை சிறை, மேலே அபராதம். செத்த பவளமாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. 'வெளிநாட்டுச் சரக்கு, பயமில்லை' என்று கடையில் சொன்னால் அதற்கான காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லாததைத் தொடாதீர்கள். போலீஸ் வந்தால் கடைக்காரர் கையில் இருக்காது, நம் வீட்டுத் தொட்டியில்தான் இருக்கும். கடன் தவணையை எப்படியாவது கட்டிவிடலாம், இதைக் கட்ட முடியாது.

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வீட்டு வேலைக்குப் போய் வந்த சிலர், அங்கே வீடுகளில் பவளத்தோடு தொட்டி இருந்ததைப் பார்த்திருக்கலாம். அங்கே வளர்ப்புப் பவளத்தைத் துண்டு போட்டு வளர்த்து விற்கிறார்கள். அதற்கு வேண்டிய லைட்டும், குளிர்ச்சியும், வாரா வாரம் சுண்ணாம்புச் சத்து அளப்பதும் வேற கணக்கு. இங்கே அந்தப் பேச்சே வேண்டாம்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படித்திருப்போம். அதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவு தண்ணீருக்குள் முங்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் என்று பல வருஷம் பார்க்கல்லை வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம் என்கிறார்கள். 1986-இல் அந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வெட்டுவது நின்றாலும் வெக்கை நிற்கவில்லை. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் தண்ணீர் சூடேறி, பவளம் நிறம் இழந்து வெளுத்துப் போனது. தொட்டியில் மே மாதம் நடந்ததுதான் கடலிலும் நடந்தது. கடலுக்கு ஃபேன் வைக்க முடியாது.

சரி, கல்லே இல்லாமல் தொட்டி எப்படி? நுண்ணுயிரி ஒட்டுவதற்கு ஓட்டை ஓட்டையாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். பீங்கானில் செய்த செயற்கைக் கல், வளையம் எல்லாம் விற்கிறது. புது மண்பானையை உடைத்து, நன்றாக ஊற வைத்துக் கழுவிய ஓட்டைக்கூட அடுக்கலாம். மீனுக்கு ஒளிய இடம், கண்ணுக்கும் அழகு.

எந்த மீன்?

கோமாளி மீன். வேறு யோசனையே வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டது, 2003-இல் வந்த நீமோ படத்தில் பிள்ளைகள் பார்த்த மீன். இதைச் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. அலங்காரக் கடல்மீனில் பெரும்பாலானதைக் கடலில் இருந்துதான் பிடித்து வருகிறார்கள், கோமாளி மீனைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்க முடியும். நம் மண்டபத்தில் இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அந்த வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. பண்ணையில் பொரித்த குஞ்சு தொட்டியிலேயே பிறந்தது, போட்ட இரையைத் தின்னும், நோய் குறைவு, கடலுக்கும் நஷ்டம் இல்லை. கடையில் முதல் கேள்வியாக "பண்ணைக் குஞ்சா, கடல்ல புடிச்சதா?" என்று கேளுங்கள். அடுத்து, உங்கள் கண் எதிரே இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

கோமாளி மீன் கடலில் கடல் சாமந்திக்குள்தான் குடியிருக்கும். தொட்டியில் அது இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். கடல் சாமந்தி வளர்ப்பது கஷ்டம், செத்தால் தொட்டியையே கெடுத்துவிடும்.

இந்த மீனின் குடும்பக் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறி, குடும்பத்தை நடத்தும். அது செத்துப்போனால் அடுத்து நிற்கிற ஆண் பெண்ணாகிவிடும். முட்டை போடுவதோடு அம்மா வேலை முடிந்தது. ராத்திரி பகலாக முட்டைக்கு விசிறி, அழுக்கெடுத்து, காவல் காப்பது அப்பா. இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினபோது எழுந்த சிரிப்பில், ஊக்குநர் நோட்டையே கீழே போட்டுவிட்டார்.

மூன்றடி தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். ஆறு மாதம் நன்றாகப் போனால் இன்னும் ஒன்றிரண்டு சின்ன மீன் சேர்க்கலாம். நீலப் பொடி மீன்கள் மலிவு, உறுதி, ஆனால் சண்டைக்காரி மாதிரி மற்றதைக் கொத்தும், கடைசியில்தான் விட வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீனில் பல வகை பவளத்தைத் தின்று வாழ்வது, தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். படத்தில் நீமோவோடு வருகிற நீல மீன் ஒரு அடி வரை வளரும். முள்ளில் விஷம் உள்ள சிங்க மீன் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

இரைக்குத் தனியாகச் செலவு வேண்டாம். சமையலுக்கு வாங்குகிற இறாலில் உப்பு, மஞ்சள் படாமல் நகம் அளவு எடுத்துப் பொடியாக நறுக்கி, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்குப் போட்டால் போதும். பாசத்தில் அள்ளிப் போட்ட இரையால் செத்த மீன்தான் அதிகம். சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

குழுவில் என்ன முடிவு?

மூன்றாவது மாதம் அக்கா கூட்டத்துக்கு வந்தார். ஆபரேஷனுக்குக் கேட்டவருக்கு அந்தக் கூட்டத்திலேயே முதல் கடன் கொடுத்தார்கள். மருத்துவச் செலவு கேட்டால் மற்ற எல்லாக் கடனும் ஒரு மாதம் தள்ளி நிற்கும் என்று தீர்மானம் எழுதினார்கள். எந்தக் கடனுக்கும் உண்மையான நோக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்று இரண்டாவது தீர்மானம். அக்கா புதுக் கடன் எதுவும் கேட்கவில்லை. பழைய தவணையில் பத்து முடிந்த பிறகு, 7,000 ரூபாய் கேட்டார். நோட்டில் 'மூன்றடி மீன் தொட்டி' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாராம்.

அந்தக் கல்லை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். மீன் செத்த அன்றைக்கே அதுவும் வெளுத்துவிட்டதாம். வீட்டில் வைக்கப் பயந்து, மகனைப் படகில் அனுப்பிக் கடலிலேயே போடச் சொன்னாராம். கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் அதை விற்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். பில்லில் 'அலங்காரம்' என்று மட்டும்தான் இருந்தது.

பழைய மோட்டாரையும் லைட்டையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடையில் தொட்டி மட்டும் செய்து வாங்கினார். சின்னத் தொட்டியில் பேத்தி கப்பி வளர்க்கிறாள். பெரிய தொட்டியில் ஏழு வாரம் வெறும் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்கள் "என்ன மதினி, தண்ணிய வளர்க்கிறீங்களா?" என்று கேலி செய்திருக்கிறார்கள். அக்கா அசரவில்லை. பிறகு ஒரு ஜோடி பண்ணைக் குஞ்சு. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை மத்தியானம் தொட்டிக்கு ஃபேன், தனக்கு விசிறி.

போன வாரம் எங்களுக்கு போன் செய்தார். பானை ஓட்டுக்கு உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறதாம், சின்ன மீன் அதை விட்டு நகராமல் விசிறிக்கொண்டே இருக்கிறதாம். "குஞ்சை வளர்க்க முடியுமாங்க?" என்று கேட்டார். முட்டை பொரிய ஒரு வாரம், எட்டு நாள் ஆகும். பொரிந்த குஞ்சுக்குக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்ற உயிர் இரையைத் தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் ஒன்றும் பிழைக்காது. அதற்குப் பயிற்சி வேண்டும். லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் அப்படி ஏதாவது கிடைக்குமா என்று மண்டபத்தில் விசாரிக்கப் போகிறோம். வர விருப்பமுள்ள உறுப்பினர்கள் உங்கள் பிரதிநிதியிடம் பேர் கொடுங்கள். கடன் மனுவை இப்போதே கொண்டு வர வேண்டாம்.